பாசியும் சொட்டையும்: ஆங்கிலப் புல்தரையின் வரலாறு

புல்தரை என்பது விதைத்தோ, வேரும் மண்ணுமாகப் பெயர்த்தெடுத்த புல்லைப் பதித்தோ உண்டாக்கி, வளர வளரக் கத்தரித்து, ஒரே உயரத்திலும் ஒரே பசுமையிலும் நிறுத்தி வைக்கப்படும் பரப்பாகும். மனித உழைப்பு நின்ற சில மாதங்களிலேயே அது தன் உருவை இழந்துவிடும். கடுங்கோடையும் கடுங்குளிரும் இல்லாமல் ஆண்டு முழுவதும் பரவலாக மழை பெய்யும் இங்கிலாந்தில் இக்கலை பெருவளர்ச்சி பெற்றது. புல்லைச் செழிக்கச் செய்த அதே ஈரம் பாசியையும் செழிக்கச் செய்ததால், பாசியோடு போராடும் கலையும் அங்கேயே வளர்ந்தது. புல் அழிந்து மண் வெளித்தெரியும் திட்டுகளைச் சொட்டை என்று கொண்டால், பாசி, சொட்டை ஆகிய இரு குறைகளையும் போக்கப் பல நூற்றாண்டுகளாக மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறு, மண்ணைப் பற்றிய அறிவு மெல்ல முதிர்ந்த வரலாறாகவும் அமைகிறது. பாசியை மட்டும் அழிக்க முனைந்தவர்களுக்கு அது மீண்டும் மீண்டும் முளைத்தது. புல் ஏன் மெலிந்தது என்று ஆராய்ந்தவர்களுக்கே நிலையான பயன் கிடைத்தது. அந்த வரலாறு நெடுகிலும் தெளிவாகத் தெரியும் உண்மை இதுவே.

இங்குப் பாசி எனப்படுவது குளத்து நீரில் படரும் பாசியைக் குறிக்காமல், ஈரச் சுவரிலும் மரப்பட்டையிலும் மெத்தென்று படரும் சிறு நிலத்தாவரத்தைக் குறிக்கிறது. இதற்கு உண்மையான வேர் இல்லை. மண்ணைப் பற்றிக்கொள்ள உதவும் நுண்ணிய இழைகளே உண்டு. மழையாகவும் பனியாகவும் தன்மேல் படியும் ஈரத்தை இலைப்பரப்பு முழுவதாலும் இது உறிஞ்சிக்கொள்கிறது. பூவும் விதையும் இன்றிக் காற்றில் பறக்கும் வித்துத்துகள்களால் பரவுகிறது; கருவுறுதல் நிகழ மெல்லிய நீர்ப்படலம் வேண்டியிருப்பதால் ஈரம் இல்லாத இடத்தில் அது நிறைவேறுவதில்லை. எனினும் வறண்ட காலத்தில் சுருங்கி உலர்ந்து உயிரை அடக்கி வைத்திருந்து, அடுத்த மழையில் விரைவாகப் பசுமை பெறும் ஆற்றல் புல்தரைப் பாசிகள் பலவற்றுக்கு உண்டு. குளிர் மிகுந்து புல் வளர்ச்சி நின்றுபோகும் மாதங்களிலும் பாசி தன் வளர்ச்சியைத் தொடர்வதால், இலையுதிர் காலத்தில் சிறு திட்டாக இருப்பது வேனிலின் தொடக்கத்தில் பெரும் பரப்பாகிவிடுகிறது.

பாசி நன்கு வளர்ந்த புல்லை நெரித்துக் கொல்வதில்லை. மர நிழல், நீர் தேங்குதல், மிதிபட்டு மண் இறுகுதல், சத்துக் குறைவு, மண்ணின் மிகுந்த புளிப்புத்தன்மை, அடியோடு ஒட்டக் கத்தரித்தல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ புல்லை முதலில் மெலிவிக்கின்றன. புல்லின் இழைகளுக்கிடையே மண் வெளித்தெரியும் இடங்களில் பாசி குடியேறுகிறது. ஆகவே சொட்டையும் பாசியும் தனித்தனிக் குறைகளாகத் தோன்றினாலும், ஈரமான குளிர்நாட்டில் முன்னது பின்னதற்கு வாயிலாகவே அமைகிறது. கவனிப்பாரற்று விடப்பட்ட சொட்டை ஒரே குளிர்காலத்தில் பாசித் திட்டாக மாறுவது அங்கு இயல்பான நிகழ்ச்சி.

பத்தையும் அரிவாளும்

ஐரோப்பிய நூல்களில் புல்தரை அமைக்கும் முறையைத் தெளிவாக விளக்கிய தொடக்ககால அறிஞர்களுள் ஒருவர் ஜெர்மானியத் துறவியான ஆல்பெர்ட்டஸ் மேக்னஸ். 13ஆம் நூற்றாண்டில் தாவரங்களைப் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய நூலில், நிலத்திலுள்ள களைகளையும் வேர்களையும் முற்றிலும் அகற்றி, எஞ்சிய விதைகள் முளைக்காதபடி கொதிநீரைப் பாய்ச்சி, அதன்மேல் மென்மையான புல் அடர்ந்த பத்தைகளைப் பதித்து, மரக் கொட்டாப்புளியால் அடித்துக் காலால் மிதித்து இறுக்க வேண்டும் என்ற முறை கூறப்படுகிறது. பத்தை என்பது வேரோடும் மண்ணோடும் சதுரமாக வெட்டியெடுத்த புல் துண்டு. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான பியேட்ரோ தே கிரெசென்சி இம்முறையைத் தம் வேளாண் நூலில் எடுத்தாண்டதால் அது ஐரோப்பா எங்கும் பரவியது. களையை வேரோடு ஒழித்த பின்பே புல்லைப் பதிக்க வேண்டும் என்ற முதற்பாடம் இன்றும் மாறவில்லை; ஆனால் அடித்தும் மிதித்தும் மண்ணை இறுக்குவது நன்மை தரும் என்ற நம்பிக்கை, பின்வந்த தோட்டக்காரர்களைப் பல நூற்றாண்டுகள் தவறான வழியில் நிறுத்தியது.

இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரிலுள்ள பந்துருட்டு மைதானம் 1299 முதல் பயன்பாட்டில் இருப்பதாக மரபு கூறுகிறது. பந்து தடையின்றி உருள வேண்டிய இத்தகைய மைதானங்களும், பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களும் புல்தரைக் கலைக்கு நாற்றங்காலாயின. 1625இல் வெளிவந்த தோட்டம் பற்றிய கட்டுரையில் பிரான்சிஸ் பேக்கன், நன்கு கத்தரித்த பசும்புல்லைக் கண்ணுக்கு இன்பம் தருவனவற்றுள் முதன்மையாக வைத்துப் போற்றினார். அக்காலத்தில் கத்தரிப்பு என்பது இரு கைகளாலும் பிடித்து இடுப்பைச் சுழற்றி வீசும் நீண்ட பிடியுடைய பெரிய அரிவாளால் செய்யப்பட்டது. பனி படிந்து புல் நிமிர்ந்து நிற்கும் விடியற்காலையில் ஆண்கள் வரிசையாக நின்று அறுத்துச் செல்ல, பெண்கள் பின்னால் வந்து புல்லைப் பெருக்கிக் கூடையில் அள்ளினர். அரிவாளின் வீச்சு சற்றுத் தாழ்ந்தால் அந்த இடம் மழிக்கப்பட்டு மண் தெரியும்; கைதேர்ந்த வேலையாளின் பெருமை, அத்தகைய அரிவாள் வடு ஒன்றும் விழாமல் அறுப்பதில் இருந்தது.

18ஆம் நூற்றாண்டில் லான்சலாட் பிரவுன் போன்ற நிலக்காட்சி வடிவமைப்பாளர்கள் மாளிகையின் வாசற்படி வரை புல்லைக் கொண்டுவந்தபோது, பரந்த வெளிகளை ஆடுகள் மேய்ந்து குட்டையாக வைத்திருந்தன. ஆட்டின் பல் புல்லைப் பெரும்பாலும் மண்ணோடு மழித்துவிடுவதில்லை. அதன் எருவும் சத்தாகத் திரும்பி வந்தது. மாளிகையை அடுத்த சிறு பரப்புகளிலோ அறுத்த புல் அகற்றப்பட்டு, சத்து திரும்பாமல், கல் உருளை கொண்டு நிலம் அடிக்கடி இறுக்கப்பட்டது. பாசி தோன்றுவதற்கான சூழல் இந்தச் சிறு பரப்புகளில்தான் முதலில் கூடியது.

சொட்டையை மூடும் கலை

சொட்டை விழுந்த இடத்தைச் சீர்செய்ய நெடுங்காலம் இருந்த வழி, வேறிடத்துப் பத்தையை வெட்டிவந்து பதிப்பதே. மேய்ச்சல் பொதுநிலங்களிலிருந்து பத்தைகள் வெட்டப்பட்டன. வைக்கோற்பரணின் தரையில் உதிர்ந்து கிடந்த விதையைத் தூவும் வழக்கமும் இருந்ததாயினும், அதில் களைவிதைகள் கலந்து வந்ததால் தரமான தரைகளுக்கு அது ஏற்றதாக இல்லை. பந்துருட்டு மைதானங்களுக்கு மிக உயர்ந்ததாக மதிக்கப்பட்டது இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், கம்பர்லாந்துப் பகுதியிலும் மோர்கம் விரிகுடாவிலும் கடலலை அவ்வப்போது ஏறி இறங்கும் வண்டல் நிலத்தில் வளர்ந்த புல்தான். மெல்லிய இழைகள் கொண்ட ஃபெஸ்க்யூ, பென்ட் என்னும் புல் வகைகள் அங்கு இயல்பாகவே அடர்ந்து, ஆடுகளால் மேயப்பட்டு, விரிப்புப் போல் சீராக இருந்தன.

இப்பத்தைகளைப் பதிப்பதில் காட்டிய நுணுக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு பத்தை மற்றொன்றைவிடக் கால் அங்குலம் தடித்திருந்தாலும் தரை மேடுபள்ளமாகும் என்பதால், பத்தையை அளவுச்சட்டம் ஒன்றில் புல் கீழாகவும் வேர் மேலாகவும் கவிழ்த்து வைத்தனர். சட்டத்தின் இரு விளிம்புகளின் மேலும் படியும்படி நீண்ட கத்தியை வைத்து இழுத்தபோது, விளிம்புக்கு மேல் துருத்திய மண் சீவப்பட்டு எல்லாப் பத்தைகளும் ஒரே தடிமன் பெற்றன. பின்னர் செங்கல் அடுக்குவது போல் இணைப்புகள் ஒரே கோட்டில் வராதபடி அவை பதிக்கப்பட்டு, இடுக்குகளில் சலித்த மண் தூவப்பட்டது. இவ்வளவு உழைப்பில் பதித்தபோதிலும், கடற்கரை வண்டலில் பிறந்த புல் உள்நாட்டு மண்ணில் சில ஆண்டுகளில் மெலிந்து, அதன் நெருக்கமான வண்டல் அடுக்கு நீரை வடிய விடாமல் தேக்கியதால், களையும் பாசியும் புகுந்தன. புல்லை மட்டும் பெயர்த்துக் கொண்டுவரலாம், அது வாழ்ந்த நிலைமைகளைப் பெயர்த்துக் கொண்டுவர முடியாது என்ற பாடத்தைப் பல மைதானங்கள் பொருட்செலவில் கற்றன.

எந்தப் புல் எந்த மண்ணுக்கு ஏற்றது என்ற கேள்வியை முறையாகக் கேட்டவர், பெட்ஃபர்ட் கோமகனின் வோபர்ன் அபி தோட்டத் தலைவராக இருந்த ஜார்ஜ் சின்கிளேர். 242 சிறு பாத்திகளில் பல்வேறு புற்களையும் மூலிகைச் செடிகளையும் வெவ்வேறு மண்ணில் வளர்த்து அவர் கண்ட முடிவுகள் 1816இல் நூலாக வெளிவந்தன. பல இனங்கள் கலந்து வளரும் நிலம் ஒரே இனம் வளரும் நிலத்தைவிட அடர்ந்திருக்கும் என்பது அம்முடிவுகளிலிருந்து புலப்பட்டது. இயற்கையில் இனங்கள் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவைச் சோதனையால் ஆராய்ந்த மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்றாக அதை இன்றைய சூழலியலாளர்கள் மதிக்கின்றனர். 19ஆம் நூற்றாண்டில் விதை நிறுவனங்கள் மண்ணுக்கும் நிழலுக்கும் ஏற்ற கலப்பு விதைகளை விற்கத் தொடங்கியபோது, சொட்டையைப் பத்தை இன்றியே மூடும் வழி எளிய வீடுகளுக்கும் கிடைத்தது.

இயந்திரம் வந்த பின்

குளோஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் பகுதியில் கம்பளித் துணி ஆலைகள் மிகுதி. நெய்த துணியின் மேல் எழும் மயிரிழைகளைச் சுழலும் கத்திகளால் ஒரே சீராகச் சீவும் இயந்திரம் அங்கு வழக்கில் இருந்தது. அதைக் கண்ட எட்வின் பியர்ட் படிங் என்னும் பொறியாளர், அதே அமைப்பைப் புல்லுக்குப் பயன்படுத்தி, உருளையால் இயக்கப்படும் கத்திச் சுருளைக் கொண்ட கத்தரிப்பு இயந்திரத்துக்கு 1830 ஆகஸ்ட் 31இல் காப்புரிமை பெற்றார். ஜான் ஃபெரபி என்பவரோடு கூட்டாக அவர் செய்த இயந்திரங்களுள் தொடக்கத்திலேயே ஒன்று லண்டன் ரீஜெண்ட் பூங்கா விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்றது. 1832 முதல் இப்ஸ்விச்சைச் சேர்ந்த ரான்சம்ஸ் நிறுவனமும் உரிமம் பெற்று இவற்றைச் செய்தது. பின்னர் மட்டக்குதிரை இழுக்கும் பெரிய இயந்திரங்கள் வந்தபோது, குளம்புகள் தரையைக் கிழித்துச் சொட்டை உண்டாக்காதிருக்கக் குதிரைகளுக்குத் தோல் காலணிகள் அணிவிக்கப்பட்டன.

இயந்திரம் புல்தரையை நடுத்தரக் குடும்பங்களின் எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. ஆயினும் அது புல்லின் மேல் சுமத்திய சுமையும் பெரிது. அரிவாள் ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை அறுத்த இடத்தில் இயந்திரம் வாரத்துக்கு இரண்டு முறையும் கத்தரித்தது. இலைப்பரப்பு குறையும்போது புல் தன் உணவைத் தயாரிக்கும் ஆற்றலை இழந்து, வேரும் மேலோட்டமாகி, வறட்சியைத் தாங்காமல் போகிறது. மேட்டில் கத்தி அழுந்தும் இடங்கள் மழிக்கப்பட்டுச் சொட்டையாகின்றன. எனினும் மிதமான கத்தரிப்பு தாவர இனங்களின் போட்டியைச் சமன்படுத்துகிறது என்பதையும் அறிவியல் கண்டறிந்தது. மூன்றடிக்கு நான்கடி அளவுள்ள கத்தரித்த புல்தரை ஒன்றை வளர விட்டபோது, அதிலிருந்த 20 இனங்களுள் ஒன்பது, வலிமை மிக்கவற்றின் நெருக்கலில் அழிந்தன என்று 1859இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் சார்லஸ் டார்வின் பதிவு செய்தார். கத்தரிப்பின் உயரமும் இடைவெளியுமே எந்த இனம் வாழும், எது சாகும் என்பதை முடிவு செய்கின்றன என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

1860களில் குரோக்கே, 1874இல் வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்ட் காப்புரிமை பெற்ற புல்தரை டென்னிஸ் என விளையாட்டுகள் பெருகியபோது, தரை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் ஓங்கியது. விம்பிள்டனில் 1877இல் நடந்த முதல் டென்னிஸ் போட்டித் தொடரே, அதை நடத்திய கழகத்தின் மட்டக்குதிரை இழுக்கும் உருளையைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டும் நோக்கத்தோடு தொடங்கியது என்பது, அக்காலத் தரைப் பராமரிப்பில் உருளை பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது. ஈரமான களிமண்ணின் மேல் உருளை ஓடும்போது மண்துகள்களுக்கிடையிலுள்ள காற்றிடங்கள் நசுங்குகின்றன. நீர் உள்ளிறங்காமல் மேலே நிற்கிறது. வேர் மூச்சுத் திணறுகிறது. வேரே இல்லாத பாசிக்கோ அந்த இறுக்கத்தால் இழப்பு எதுவும் இல்லை. ஆட்டம் நடக்கும் தரை மென்மேலும் வழவழப்பாக, அதன் ஓரங்களிலும் நிழல்களிலும் பாசி மென்மேலும் படர்ந்தது.

அன்னபேதியும் மணலும்

பாசியை அழிக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மருந்து புல்தரை மணல் எனப்பட்டது. தமிழ் மருத்துவத்தில் அன்னபேதி என்று வழங்கும் இரும்பு சல்பேட்டையும், தழைச்சத்து உரமான அம்மோனியம் சல்பேட்டையும் உலர்ந்த மணலோடு கலந்து அது செய்யப்பட்டது. 20 பங்கு மணலுக்கு மூன்று பங்கு அம்மோனியம் சல்பேட்டும் ஒரு பங்கு அன்னபேதியும் என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற விகிதங்களுள் ஒன்று. பனி படிந்த காலையில் இக்கலவையைத் தூவினால், நிமிர்ந்து நிற்கும் வழவழப்பான புல்லிழையிலிருந்து துகள்கள் சறுக்கி விழுகின்றன. ஈரத்தைத் தேக்கிய பாசியின் சிற்றிலைகளிலும் அகன்ற இலைக் களைகளிலும் அவை ஒட்டிக்கொண்டு கரிக்கின்றன. ஓரிரு நாட்களில் பாசி கறுத்துப் போகிறது. ஏறத்தாழ இரு வாரங்களில் முற்றிலும் உலர்ந்த பின், வளைந்த கம்பிப் பற்களுள்ள வாரியால் அதை வாரி எடுக்க வேண்டும். உயிருள்ள பாசியை வாரினால் அதன் துணுக்குகள் தரை முழுவதும் சிதறி, ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கக்கூடும் என்பதால், கொன்ற பின்பே வாருவது என்ற ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டது. தழைச்சத்து கரைந்து மண்ணில் இறங்கியதும் புல் கரும்பச்சையாகத் துளிர்த்தது.

இம்மருந்தின் பயன் உண்மையானது. அதன் எல்லையும் அவ்வாறே உண்மையானது. வாரி எடுத்த இடத்தில் எஞ்சுவது புல் அற்ற வெறும் மண். அங்கு உடனே விதைத்து மூடாவிட்டால், அடுத்த இலையுதிர் காலத்தில் காற்றில் வரும் வித்துத்துகள்கள் அதே இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நிழலும் நீர்த்தேக்கமும் அப்படியே இருக்க, ஆண்டுதோறும் மணலைத் தூவிப் பாசியைக் கறுக்க வைத்து, ஆண்டுதோறும் அது திரும்ப வரக் கண்ட தோட்டக்காரர்கள் பலர்.

மண்புழுவும் இலுப்பைப் பிண்ணாக்கும்

கடற்கரை மணற்குன்றுகளில் பிறந்த கால்ஃப் ஆட்டம் 1880களுக்குப் பின் உள்நாட்டுக் களிமண் நிலங்களுக்குப் பரவியபோது, மைதானக் காப்பாளர்களின் சினத்துக்கு உள்ளானவை மண்புழுக்கள். புழு மேலே தள்ளும் சேற்று உருண்டைகள் பந்தின் ஓட்டத்தைக் கெடுத்ததோடு, உருளையால் நசுங்கிப் புல்லை மூடிச் சிறு சொட்டைகளையும் உண்டாக்கின. அவற்றை ஒழிக்கப் பயன்பட்ட பொருள்களுள் ஒன்று இந்தியாவிலிருந்து சென்ற இலுப்பைப் பிண்ணாக்கு. எண்ணெய் ஆட்டிய இலுப்பை விதையின் சக்கையான இது, தமிழ்நாட்டில் தலைக்குத் தேய்த்துக் குளிக்கவும் பயன்படுவது. அதில் நுரையை உண்டாக்கும் சபோனின் என்ற பொருளே புழுவின் ஈரத் தோலை எரியச் செய்கிறது. பிண்ணாக்குத் தூளைத் தரையில் தூவி மிகுதியாக நீர் பாய்ச்சியபோது புழுக்கள் கூட்டமாக மேலே வந்து மடிந்தன. அவை பெருக்கி அள்ளப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டனின் கால்ஃப், பந்துருட்டு மைதானங்களில் இது பரவலான வழக்கமாக இருந்தது.

இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேற்பரப்புக்கு வருகிறது என்று டார்வின் 1881இல் வெளியிட்ட நூலில் மதிப்பிட்டிருந்தார். அவ்வுழைப்பு நின்றபோது, புழுக்கள் துளைத்த நீர்வழிகள் அடைபட்டன. அவை உண்டு மட்கச் செய்த இலைச்சருகும் வேர்க்கழிவும் மட்காமல் புல்லின் அடியில் தக்கை போன்ற அடுக்காகச் சேர்ந்தன. மழைநீரைப் பிடித்து வைக்கும் அந்த அடுக்கு பாசிக்கு உகந்த படுக்கையாயிற்று.

ரோத்தம்ஸ்டெட்டின் பாத்திகள்

புல்லுக்கு அடியிலுள்ள மண்ணில் நிகழ்வதை எண்களால் காட்டிய சோதனை, ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் ஹார்பெண்டன் அருகே ரோத்தம்ஸ்டெட்டில் நடந்தது. ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் ஆகியோர் 1856இல் ஏறத்தாழ ஏழு ஏக்கர் பழைய புல்நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகை உரத்தை ஆண்டுதோறும் இட்டனர். வைக்கோல் விளைச்சலை உயர்த்துவதே அவர்களின் நோக்கம். ஆனால் சில ஆண்டுகளிலேயே பாத்திக்குப் பாத்தி தாவர இனங்களே மாறிப்போயின. உரமிடாத பாத்திகளில் ஏறத்தாழ 40 இனங்கள் சேர்ந்து வாழ, அம்மோனியம் சல்பேட்டை மிகுதியாக இட்டுச் சுண்ணாம்பு இடாத பாத்திகளில் காலப்போக்கில் இரண்டு மூன்று புல்லினங்களே எஞ்சின. அப்பாத்திகளின் மண் கடுமையாகப் புளித்து, அதன் கார அமில நிலை 4க்கும் கீழே இறங்கியது. கார அமில நிலை என்பது 7ஐ நடுநிலையாகக் கொண்டு புளிப்பையும் காரத்தையும் அளக்கும் அளவை. டென்மார்க்கு வேதியியலாளர் சோரன்சன் அதை 1909இல் வகுத்தார். புளித்த மண்ணில் மண்புழு இல்லாமையால் மட்காத கழிவு அடுக்கு தடித்தது. 1903 முதல் சுண்ணாம்பு இடப்பட்ட பகுதிகளில் அது குறைந்து இனங்களும் பெருகின.

இதே விளைவை அமெரிக்க ஆய்வாளர்கள் நன்மையாகக் கண்டனர். அம்மோனியம் சல்பேட்டால் மண்ணைப் புளிக்க வைத்தால் களையும் மண்புழுவும் விலகி, புளிப்பைத் தாங்கும் மெல்லிய பென்ட் புல் மட்டும் நிற்கும் என்ற கருத்து, ரோட் ஐலண்டு வேளாண் ஆய்வு நிலையத்தின் சோதனைகளிலிருந்து எழுந்தது. கால்ஃப் தரைகளைப் பற்றி 1917இல் நூல் வெளியிட்டவர்களும், 1920இல் தோன்றிய அமெரிக்க கால்ஃப் சங்கத்தின் புல்தரைப் பிரிவை வழிநடத்தியவர்களுமான சார்லஸ் பைப்பரும் ரசல் ஓக்லியும் இத்தகைய கருத்துகளை மைதானங்களுக்குக் கொண்டுசென்றனர். ஆயினும் அளவுமீறிப் புளித்த தரைகளில் புல்லே வலுவிழந்து, கோடையில் திட்டுத் திட்டாகக் கருகியதால், சுண்ணாம்பின் தேவையை மீண்டும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே வேளையில், சுண்ணாம்பு மட்டும் பாசியை ஒழித்துவிடும் என்ற பழைய நம்பிக்கையும் நிலைக்கவில்லை. புளித்த மண்ணில் வாழும் பாசிகள் உள்ளது போலவே சுண்ணாம்பு மண்ணை விரும்பும் பாசிகளும் உள்ளன. புளிப்பும் காரமும் பாசி வகையை மாற்றக்கூடும். அதற்கு இடமளிப்பது புல்லின் மெலிவே என்ற தெளிவு படிப்படியாகப் பிறந்தது.

பிங்லியின் பங்களிப்பு

இத்தெளிவை நடைமுறை அறிவாக மாற்றிய நிலையம் யார்க்ஷயரின் பிங்லி நகரை அடுத்த செயின்ட் ஐவ்ஸ் தோட்டத்தில் 1929இல் நிறுவப்பட்டது. கால்ஃப் அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய இந்த மைதானப் பராமரிப்பு ஆய்வு வாரியம், 1951இல் விளையாட்டுப் புல்தரை ஆய்வு நிறுவனமாகப் பெயர் மாறியது. அதன் தலைமை ஆய்வாளரான ஆர்.பி. டாசன் 1939இல் வெளியிட்ட புல்தரை நூல், மரபாகச் சொல்லப்பட்டு வந்த பல வழக்கங்களைச் சோதனையின் துணைகொண்டு சீர்தூக்கியது.

சொட்டைக்கு எத்தனை வகையான காரணங்கள் இருக்கக்கூடும் என்பதை அக்காலத்தில் நாடறியச் செய்த நிகழ்ச்சி 1935இல் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் நேர்ந்தது. கிரேன் ஈ எனப்படும் நெடுங்கால் பூச்சியின் புழு மண்ணுக்கடியில் புல்லின் வேரையும் அடித்தண்டையும் தின்பது. அவ்வாண்டு அப்புழுக்கள் பெருகி, உலகப் புகழ்பெற்ற அந்தத் தரையில் புல் அழிந்து மண் வெளித்தெரிந்தது. புல் பிடிப்பு இழந்த ஆடுகளத்தில் பந்து மிகுதியாகத் திரும்ப, தென்னாப்பிரிக்கச் சுழற்பந்து வீச்சாளர் செனஃபோன் பலாஸ்கஸ் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். இங்கிலாந்து மண்ணில் தென்னாப்பிரிக்காவின் முதல் டெஸ்ட் வெற்றி அது. நிழலாலும் மிதிபடுவதாலும் மட்டுமன்றி, மண்ணுக்குள் மறைந்து வாழும் உயிர்களாலும் சொட்டை விழும் என்பதால், விதை தூவுமுன் சிறிது மண்ணைப் பெயர்த்துப் பார்த்துக் காரணத்தை உறுதி செய்வது முறையான வழக்கமாயிற்று.

இந்த ஆய்வு மரபு வகுத்த ஒழுங்கு இன்றும் மாறாமல் நிற்கிறது. முதலில் மரக்கிளைகளைக் கழித்து ஒளியை வரவிடுதல். நீர் தேங்கும் இடத்தில் வடிகால் அமைத்தல். இறுகிய மண்ணில் கவைமுள் கருவியை நெருக்கமாகக் குத்தியோ, உள்ளீடற்ற குழல்களால் மண்குச்சிகளைப் பெயர்த்தெடுத்தோ, அத்துளைகளில் மணலை நிரப்பிக் காற்றோட்டம் தருதல். கத்தரிப்பு உயரத்தை ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கு உயர்த்துதல். மண்ணைச் சோதித்துத் தேவையான அளவுக்கு மட்டும் தழைச்சத்தும் சுண்ணாம்பும் இடுதல். இவற்றோடு சேர்த்தே அன்னபேதியால் பாசியைக் கறுக்க வைத்து வாரி எடுக்க வேண்டும். சொட்டையான இடத்தில் மேல்மண்ணை அரை அங்குல ஆழத்துக்குக் கிளறி, உதிர்மண்ணாக்கி, குறுக்கும் நெடுக்குமாக விதைத்து, சலித்த மண்ணை மெல்லத் தூவி மூட வேண்டும். கோடையின் வெப்பம் மண்ணில் தங்கியிருந்து, பனியும் மழையும் தொடங்கும் ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பரும் இதற்கு உகந்த காலம். அப்போது முளைத்த புல் குளிர்காலம் வருமுன் மண்ணை மூடிவிடுவதால் பாசிக்கு இடம் கிடைப்பதில்லை.

நஞ்சின் காலமும் அதன் முடிவும்

எளிய வழியை நாடியவர்களும் இதே காலத்தில் இருந்தனர். சித்த மருத்துவ நூல்களில் பூரம் எனப்படும் பாதரசக் குளோரைடு, அன்னபேதியைவிட நீண்ட காலம் பாசியைத் தடுத்தது. பூஞ்சை நோய்களையும் கட்டுப்படுத்தியதால் மைதானங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அது பரவியது. மண்புழுக்களுக்கு எதிராக ஈய ஆர்சனேட்டும், பின்னர் குளோர்டேனும் இடப்பட்டன. குழந்தைகள் உருண்டு விளையாடும் தரையில் பாதரசமும் ஈயமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போவதன் கேடு மெல்ல உணரப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இவை பிரிட்டனில் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. பாதரச மருந்துகளின் பயன்பாடு 1990களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. இன்று பரவலாக எஞ்சியிருப்பது பழைய அன்னபேதியே. அழிக்கும் மருந்துகள் குறையக் குறைய, மண்ணைச் சீர்செய்யும் உழைப்பின் மதிப்பு உயர்ந்தது.

பாசியைக் குறையாகக் காண்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான வழக்கம் அல்ல. ஜப்பானின் கியோட்டோவிலுள்ள சைஹோஜி கோயில் தோட்டத்தை 1339இல் துறவி முசோ சோசெகி திருத்தி அமைத்தபோது அது இன்றுள்ளது போல் பாசி மூடியதாக இல்லை. பிந்தைய நூற்றாண்டுகளில் பராமரிப்பு தளர்ந்த காலத்தில், ஈரமும் மரநிழலும் நிறைந்த அந்நிலத்தில் பாசி தானே படர்ந்தது. ஏறத்தாழ 120 வகைப் பாசிகள் மூடிய அத்தோட்டம் கியோட்டோவின் பிற நினைவிடங்களோடு 1994இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குத் தோட்டக்காரர்கள் பாசியைக் காக்கும் பொருட்டு உதிர்ந்த இலைகளைப் பெருக்கிப் புல் முளைகளைக் களையெடுக்கின்றனர். இங்கிலாந்தின் தோட்டக்காரர் பாசியை வாரிப் புல்லைக் காக்கிறார். இரு நாட்டிலும் வெற்றி பெற்றது, அந்த நிலத்தின் ஒளியும் ஈரமும் எதை வளர்க்க வல்லன என்பதை அறிந்து செய்த பராமரிப்பே.

இங்கிலாந்திலும் அண்மைக் காலத்தில் இந்த அறிவு தோட்டக்கலையின் நோக்கத்தையே மாற்றி வருகிறது. அடர்ந்த மரநிழலில் புல்லை வற்புறுத்தி வளர்ப்பதைவிட அங்குப் பாசியையோ நிழல் விரும்பும் செடிகளையோ ஏற்றுக்கொள்ளலாம் என்று தோட்டக்கலை வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர். பிளான்ட்லைஃப் என்னும் தாவரப் பாதுகாப்பு அமைப்பு 2019இல் தொடங்கிய இயக்கம், மே மாதம் முழுவதும் புல்லைக் கத்தரிக்காமல் விட்டுக் காட்டுப்பூக்களையும் வண்டினங்களையும் வாழவிடும்படி கேட்கிறது. ஆட்ட மைதானத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் இன்றும் சீரான புல்தரை தேவைப்படலாம். அத்தேவை உள்ள இடத்தில் கொட்டாப்புளி, உருளை, பிண்ணாக்கு, பாதரசம் எனக் கடந்துவந்த அனுபவம் காட்டும் வரிசை தெளிவானது. பாசி தோன்றிய இடத்தில் முதலில் ஆராய வேண்டியவை நிழல், நீர், இறுக்கம், சத்து, கத்தரிப்பு உயரம் ஆகிய ஐந்துமே. சொட்டையில் விதை தூவுவதற்கு முன் அந்தச் சொட்டையை உண்டாக்கிய காரணம் நீக்கப்பட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி மருந்தை முதலில் வைத்த ஒவ்வொரு காலத்திலும் செலவும் கேடும் மிகுந்தன என்பதே புல்தரை வரலாறு தரும் உறுதியான சான்று.